எச்சத் தகைவை எடுத்துச் செல்வது: கும்மிடிப்பூண்டிக் கம்பியை வைத்து ஒரு மதிப்பீடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து லாரியில் கிளம்பும் 16 மி.மீ. டி.எம்.டி. கம்பியின் மீது எந்தப் பாரமும் இல்லை. ஆனாலும் அதன் ஒரு பகுதி உள்ளுக்குள் இழுபட்டும் இன்னொரு பகுதி அமுங்கியும் கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. சூடேறி ஆறியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இந்த விசைக்கு எச்சத் தகைவு என்று பெயர். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்ட கொல்லர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையத்தை மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் வளையம் சுருங்கி மரத்தை இறுக்கும். அந்த இறுக்கம் வளையம் ஆறிய பிறகும் இருக்கும். டி.எம்.டி. கம்பியில் வளையமும் சக்கரமும் ஒரே எஃகு.

இன்று உலோகத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் கணினியில் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க முடியும். தண்ணீரில் குளிர்வது ஒரு ஃபைனைட் எலிமென்ட் கணக்கு (பொருளைச் சிறு எலிமென்ட்டுகளாகப் பிரித்துப் போடுவது), வளைப்பது இன்னொன்று, பாலத்தில் வண்டிகள் ஓடும்போது களைத்து விரிசல் விடுவது மூன்றாவது. முதல் கணக்கில் கிடைத்த எச்சத் தகைவை இரண்டாவதற்குள் ஏற்ற, பெரிய மென்பொருள்கள் எல்லாவற்றிலும் வசதி இருக்கிறது. ஆன்சிஸில் தொடக்க நிலைக் கட்டளை உண்டு. அபாகஸில் முந்தைய கணக்கின் நிலையையே இறக்குமதி செய்யலாம். எல்எஸ்-டைனாவில் அதற்கென்று ஒரு கோப்பே எழுதப்படுகிறது. வசதி இருப்பதாலேயே விளைவு சரியாக இருந்துவிடாது. எப்போது எடுத்துச் செல்ல வேண்டும், எதை எடுத்துச் செல்ல வேண்டும், வந்து சேர்ந்ததை எதைக் கொண்டு நம்புவது என்ற மூன்று கேள்விகளையும் இந்த வட்டாரத்துப் பொருளை வைத்தே எடைபோட விரும்புகிறேன்.

கம்பிக்குள் நடப்பது

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கிப் பில்லட்டாக வார்த்து, ரோலிங் மில்லில் உருட்டிக் கம்பியாக்கும் ஆலைகள் பல. கடைசி ஸ்டாண்டிலிருந்து கம்பி ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் வெளிவந்து வாட்டர் பாக்ஸுக்குள் பாய்கிறது. சில நொடிகளுக்குள் மேல்தோல் குளிர்ந்து மார்டென்சைட் என்ற கடின நிலைக்கு மாறிவிடும். நடுப்பகுதி இன்னும் சிவந்தே இருக்கும். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் சூடு தோலை நோக்கிப் பாய்ந்து அதை மறுபடி 600 டிகிரி அளவுக்கு ஏற்றிப் பதப்படுத்தும். பிறகு கூலிங் பெட்டில் ஆறும்போது நடுப்பகுதி ஃபெரைட்டும் பெர்லைட்டுமாக மாறும். 1970களில் பெல்ஜியத்தில் டெம்ப்கோர் என்ற பெயரில் உருவான முறை இது. கம்பியைக் குறுக்கே அறுத்து நைட்டால் அமிலக் கரைசலில் நனைத்தால் கருத்த வளையமும் வெளிறிய நடுவும் கண்ணுக்கே தெரியும்.

இந்த வரிசையில் இரண்டு காரணங்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. தோல் முதலில் சுருங்கி முடிந்துவிடுகிறது, நடு பின்னால் சுருங்குகிறது. இது தோலை அமுக்கத்தில் விடப் பார்க்கும். ஆனால் எஃகு தன் உயர் சூட்டு நிலையான ஆஸ்டினைட்டிலிருந்து மாறும்போது விரிகிறது. தோல் முன்பே மாறிவிட்டது, நடு பின்னால் மாறி விரிகிறது. இது தோலை இழுப்பில் விடப் பார்க்கும். எது மிஞ்சும் என்பதைக் கம்பியின் விட்டம், தண்ணீரின் அளவு, வேகம், எஃகின் வேதிச் சேர்க்கை ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே வெப்பச் சுருக்கத்தை மட்டும் கணக்கிட்டு உருமாற்றத்தை விட்டுவிடும் கணக்கில் எண் மட்டுமல்ல, குறியே தலைகீழாகிவிடலாம். அமுக்கம் என்று கணக்கு சொல்லும் இடத்தில் உண்மையில் இழுப்பு இருக்கலாம்.

இதன் அளவும் சிறியதல்ல. எஃகு ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு சுருங்கும். இரு முனையும் அசையாமல் பிடித்துவைத்து 200 டிகிரி குளிரவிட்டால் சுமார் 480 மெகாபாஸ்கல் தகைவு எழும். 500 மெகாபாஸ்கலில் நெளியத் தொடங்கும் கம்பிக்கு இது கிட்டத்தட்ட முழு வலிமை. வாட்டர் பாக்ஸில் தோலுக்கும் நடுவுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் இந்த 200 டிகிரியைவிட மிக அதிகம். அந்தச் சூட்டில் எஃகு மென்மையாக இருப்பதால் அது எளிதில் நெளிந்து கொடுக்கிறது, அந்த நெளிவுதான் எச்சமாக மிஞ்சுகிறது.

வெப்பநிலை எளிதில் போகும், தகைவு போகாது

இத்துறையின் பாதை நீண்டது. பற்றவைப்பின் வெப்பத் தகைவை ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்ட உவேதா, யமகாவா ஆகியோரின் ஜப்பானிய ஆய்வு 1971இல் வந்தது. ஹிபிட்டும் மார்சலும் 1973இல் இதே பிரச்சினையை எடுத்தார்கள். அந்த ஹிபிட்தான் 1978இல் கார்ல்சன், சோரன்சன் ஆகியோருடன் அபாகஸை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கினார். பற்றவைக்கும் வெப்ப மூலத்துக்குக் கோல்டாக் தந்த இரட்டை நீள்கோள மாதிரி 1984இல் வந்தது. இந்த மரபு முழுவதிலும் நிலைத்த ஒரு வழக்கம் உண்டு. முதலில் வெப்பக் கணக்கை முடித்து, அந்த வெப்பநிலைகளை எடுத்துத் தகைவுக் கணக்குக்குக் கொடுப்பார்கள். உலோகம் நெளிவதால் பிறக்கும் சூடு இங்கே மிகச் சிறியது என்பதால் இந்த ஒருவழிப் பாதை நியாயமானதே.

வெப்பநிலையை மாற்றிக் கொடுத்த அதே கையோடு தகைவையும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. வெப்பநிலை ஒரு புள்ளிக்கு ஒரே எண். அது எலிமென்ட்டுகள் சந்திக்கும் நோடுகளில் இருக்கிறது, ஒரு மெஷ்ஷிலிருந்து (எலிமென்ட்டுகளின் வலை) இன்னொன்றுக்கு இடைக்கணித்துக் கொண்டால் பெரிய சேதம் இல்லை. தகைவுக்கு ஒரு புள்ளியில் ஆறு எண்கள், அவற்றுக்குத் திசையும் உண்டு. அவை எலிமென்ட்டின் உட்புள்ளிகளில் கணக்கிடப்படுகின்றன. அவற்றை நோடுக்குக் கொண்டுவந்து, சராசரி எடுத்து, புதிய மெஷ்ஷில் பரப்பும் ஒவ்வொரு படியிலும் கூர்மை மழுங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகைவுகள் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. இடைக்கணிப்பு அந்த நிபந்தனையை அறியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 மி.மீ. கம்பியில் வளையத்தின் தடிமன் 2 மி.மீ. என்றும், வளையத்தில் 150 மெகாபாஸ்கல் அமுக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டில் வளையத்தின் பங்கு 43.75 சதவீதம், நடுவின் பங்கு 56.25 சதவீதம். சமநிலைக்கு நடுவில் 117 மெகாபாஸ்கல் இழுப்பு இருந்தாக வேண்டும். இதைப் பருமனான மெஷ்ஷுக்கு மாற்றும்போது மெல்லிய வளையத்தின் மதிப்பு மட்டும் 110க்கு மழுங்குகிறது, நடு அப்படியே இருக்கிறது என்போம். இப்போது கம்பி முழுவதும் சராசரி 18 மெகாபாஸ்கல் இழுப்பு மிஞ்சுகிறது. அதைப் பிடிக்க வெளியே எதுவும் இல்லை. மென்பொருள் முதல் அடியிலேயே கம்பியைச் சற்றுச் சுருங்கவிட்டுச் சமநிலையைத் தேடிக்கொள்ளும். முடிவில் வளையத்தில் ஏறத்தாழ 127, நடுவில் 99. எந்த எச்சரிக்கைச் செய்தியும் வராது. வண்ணப் படம் அழகாகவே இருக்கும். ஆனால் 150 என்று கிளம்பியது 127 ஆகி வந்திருக்கிறது.

மூன்று வழிகள்

முதல் வழி, தகைவை மட்டும் தொடக்க நிலையாகக் கொடுப்பது. எளிது, எந்த மென்பொருளிலிருந்து எதற்கும் போகும், அதனால் பலரும் நாடுவது. இதன் குறை மேலே கண்ட சமநிலை இழப்போடு நிற்கவில்லை. தகைவு மட்டும் வந்த எஃகு புதிதாகப் பிறந்த எஃகுபோல நடந்துகொள்ளும். முன்பு எவ்வளவு நெளிந்தது, அதனால் எவ்வளவு இறுகியது, எந்தத் திசையில் இனி எளிதில் நெளியும் என்ற நினைவு எதுவும் அதற்கு இல்லை. வளையம் மார்டென்சைட், நடு பெர்லைட் என்பதும் தெரியாது. திசையையும் கவனிக்க வேண்டும். முதல் கணக்கு உருளை அச்சுகளிலும் இரண்டாவது செவ்வக அச்சுகளிலும் இருந்தால், நீளவாக்குத் தகைவு சுற்றுவாக்கில் போய் உட்காரலாம். சுருங்கிக் கோணிய வடிவத்தில் பிறந்த தகைவை வரைபடத்தின் நேர்த்தியான வடிவத்தில் ஏற்றுவதும் இதே வகைப் பிழை.

இரண்டாம் வழி, முழு நிலையையும் எடுத்துச் செல்வது. அதாவது தகைவு, மீளாத் திரிபு (திரும்பாத நெளிவு), இறுக்கத்தின் அளவு, மார்டென்சைட், பெர்லைட் போன்ற நிலைகளின் பங்கு, கோணிய வடிவம் அனைத்தையும் அதே மெஷ்ஷோடு அடுத்த கணக்குக்குக் கொண்டுபோவது. நேர்மையில் இதுவே முதலிடம். ஆனால் விலை அதிகம். குளிர்வைக் கணக்கிட ஆரத்தில் மெல்லிய அடுக்குகள் வேண்டும், வளைப்பைக் கணக்கிட நீளவாக்கில் சீரான எலிமென்ட்டுகள் வேண்டும். ஒரே மெஷ் இரண்டையும் சுமந்தால் கணக்கு பெருத்துவிடும். இரண்டு கட்டங்களுக்கு இரண்டு மென்பொருள் என்றால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

மூன்றாம் வழி, தகைவை விட்டுவிட்டு அதை உண்டாக்கிய மீளாத் திரிபை எடுத்துச் செல்வது. உவேதா முதலியோர் 1970களில் ஜப்பானில் வளர்த்த உள்ளார்ந்த திரிபு முறையின் கரு இதுதான். புதிய மெஷ்ஷில் அந்தத் திரிபை ஏற்றினால், தகைவை அந்த மெஷ்ஷே தன் சமநிலைக்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளும். மழுங்கல் இருக்கலாம், ஆனால் சமநிலையற்ற தகைவு பிறக்கவே வழியில்லை. இரு மென்பொருளுக்கும் நடுவே ஒரு வெப்ப விரிவுபோலக் கொடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி. இதற்கும் எல்லை உண்டு. இறுகிய நினைவு இதிலும் வராது. அடுத்த கட்டத்தில் உலோகம் பெரிதாக நெளியப்போகிறது என்றால், நெளிவின் எல்லையைப் பகுதிவாரியாகத் தனியே கொடுத்தாக வேண்டும்.

மூன்றையும் அருகருகே வைத்தால் எனக்குத் தோன்றுவது இது. தகைவு ஒரு விளைவு. விளைவை மட்டும் பெயர்த்து நடுவதைவிடக் காரணத்தைக் கொண்டுபோவது உறுதியான வழி.

எங்கே தேவை, எங்கே வீண்

கம்பியின் பயணத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்தால் சில இடங்களில் எடுத்துச் செல்ல எதுவுமே இல்லை. வார்த்த பில்லட்டில் கணிசமான எச்சத் தகைவு இருக்கும். ஆனால் அதை 1,100 டிகிரிக்கு மேல் மறுபடி சூடேற்றி உருட்டும்போது அந்த நினைவு முழுவதும் அழிந்துவிடும். பில்லட்டின் விரிசலும் வேதிப் பிரிவும் கம்பிவரை வரும், தகைவு வராது. வார்ப்புக் கணக்கிலிருந்து உருட்டும் கணக்குக்குத் தகைவை ஏற்றுவது வெறும் கணினி நேர விரயம்.

கட்டடத் தளத்தில் பார் பெண்டர் கம்பியை வளைப்பது அடுத்த உதாரணம். கம்பியின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைத்தால் வெளி விளிம்பு 20 சதவீதம் நீளும். 150 மெகாபாஸ்கல் எச்சத் தகைவுக்கு ஈடான மீள்திரிபு 0.075 சதவீதம். இருநூறு மடங்குக்கும் மேலான நெளிவுக்கு முன்னால் இந்த எச்சம் துடைத்தெறியப்படும். வளைப்புக் கணக்குக்கு எடுத்துச் செல்ல வேண்டியது தகைவு அல்ல. வளையத்துக்கும் நடுவுக்கும் உள்ள வலிமை வித்தியாசம்தான் தேவை. அது இல்லாமல் தகைவை மட்டும் கொண்டுபோனவர் தேவையானதை விட்டுவிட்டுத் தேவையற்றதைச் சுமந்திருக்கிறார்.

களைப்பு வேறு கதை. ரயில், மெட்ரோ பாலங்களின் கம்பிகளில் தகைவு நெளிவெல்லைக்கு வெகு கீழே நின்று லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும். எச்சத் தகைவைத் துடைக்க அங்கே எந்த நெளிவும் இல்லை. கம்பியின் முகட்டு வரிகள் தொடங்கும் அடியில்தான் விரிசல் பிறக்கும், அதே தோலில்தான் எச்சத் தகைவும் இருக்கிறது. இரு கம்பிகளை இணைக்கும் கப்ளர் போடுவதற்காகக் கம்பி முனையில் மரை வெட்டும்போது அந்தக் கடின வளையத்தின் ஒரு பகுதியே சீவிப் போகிறது, மிஞ்சியது புதிதாகச் சமநிலை தேடுகிறது. இந்த இரண்டிலும் எடுத்துச் செல்லாத கணக்கு குறையுள்ள கணக்கே.

இதே அளவுகோலை இந்த வட்டாரத்தின் மற்ற கனரகத் தொழில்களுக்கும் நீட்டலாம். மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை சுரங்க லாரிகளைக் கட்டுகிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து பீரங்கி வண்டிகளைக் கட்டுகிறது. தடித்த தகடுகளைப் பற்றவைத்துச் செய்யும் இத்தகைய உடல்களில் பற்றவைத்த பிறகு துளைகளைக் கடைவதுண்டு. கடையும்போது தகைவு விடுபட்டுத் துளை இடம்பெயரலாம். பற்றவைப்புக் கணக்கிலிருந்து கடைசல் கணக்குக்கு எடுத்துச் செல்வது இங்கே நேரடிப் பயன் தரும். ஆனால் இடையில் சுமார் 600 டிகிரியில் தகைவுத் தணிப்புச் சூடேற்றம் நடந்திருந்தால், அந்தத் தளர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைத் தாண்டிக் குதித்து எடுத்துச் சென்ற தகைவு அந்தப் பொருளில் இல்லாத தகைவு.

எதிர்வாதம்

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பற்றவைத்த இணைப்பில் எச்சத் தகைவு நெளிவெல்லை அளவுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே களைப்பை மதிப்பிடும்படி சர்வதேச வழிகாட்டிகள் ஏற்கெனவே சொல்கின்றன. கம்பிக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1786 இழுப்பு, வளைப்பு, மறுவளைப்புச் சோதனைகளை விதிக்கிறது. சோதிக்கப்படும் கம்பிக்குள் எச்சத் தகைவும் சேர்ந்தே இருக்கிறது. பிறகு எதற்கு இந்தக் கணக்கு?

சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அங்கே சோதனையே போதும். ஆனால் மிக மோசமான நிலையை ஊகித்துக்கொள்ளும் விதி பாதுகாப்பைத் தருமே தவிர, எதை மாற்றினால் கம்பி மேம்படும் என்று சொல்லாது. வாட்டர் பாக்ஸில் தண்ணீரைக் கூட்டுவதா, வேகத்தைக் குறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கும், துளை எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டி அறிய வேண்டியவருக்கும் கணக்கு வேண்டும்.

இன்னொரு ஆட்சேபமும் கவனத்துக்குரியது. ஐரோப்பாவின் நெட் ஆய்வுக் குழுமம் ஒரே துருவேறா எஃகுத் தகட்டில் ஒரே பற்றவைப்பைப் பல ஆய்வகங்களிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் கணித்ததை நியூட்ரான் அளவீடுகளோடு ஒப்பிட்டது. விடைகள் ஒரே இடத்தில் வந்து நிற்கவில்லை. நெளிந்த உலோகம் எப்படி இறுகுகிறது என்பதற்கு ஒருவர் தேர்ந்துகொண்ட மாதிரியே விடையைப் பெரிதும் மாற்றியது. முதல் கணக்கே இவ்வளவு அலையும்போது, அதை எவ்வளவு நேர்த்தியாக இரண்டாவதற்கு மாற்றினாலும் பயன் என்ன என்று கேட்கலாம். இதற்குக் கணினிக்குள் பதில் இல்லை. பதில் அளவீட்டில் இருக்கிறது.

பிளந்து பார்ப்பது

நியூட்ரான் வசதி ஒரு ரோலிங் மில்லுக்கு எட்டாது. சிறு துளையிட்டு அளக்கும் முறைக்கும் கருவி வேண்டும். ஆனால் கம்பிக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. 300 மி.மீ. துண்டை வயர்-கட் இயந்திரத்தில் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். தோலில் அமுக்கமும் நடுவில் இழுப்பும் இருந்தால், ஒவ்வொரு பாதியும் வெட்டிய தட்டை முகம் உட்குழியும்படி வளையும். தோலில் இழுப்பு இருந்தால் எதிர்ப்பக்கம் வளையும். குறி சரியா என்ற முதல் கேள்விக்கு விடை கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அளவும் கிடைக்கும். முன்பு சொன்ன 150, 117 என்ற தகைவுக்கு அந்தத் துண்டின் நடுவில் வில் சுமார் 1.6 மி.மீ. வர வேண்டும். மழுங்கி வந்த 127, 99க்கு 1.4 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை ஒரு ஃபீலர் கேஜே பிடித்துவிடும். தகைவை ஏற்றிய கணக்கிலும் இதே வெட்டைப் போட்டு, வளைவை நிஜத் துண்டோடு ஒப்பிட்டால் முதல் கணக்கின் பிழையும் மாற்றத்தின் பிழையும் ஒரே சோதனையில் வெளிப்படும். திருச்சியில் பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எச்சத் தகைவை ஆழமாக அறிந்த இத்தகைய நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும்போது, அளவீடு இல்லாமல் படத்தை மட்டும் நம்புவதற்கு நியாயம் இல்லை.

தீர்ப்பு

கணக்கிலிருந்து கணக்குக்கு எச்சத் தகைவை எடுத்துச் செல்வது பயனுள்ள உத்தி. ஆனால் இன்று பரவலாக நடப்பதுபோலத் தகைவை மட்டும் பெயர்த்து வேறு மெஷ்ஷில் நடுவதை நான் ஏற்கவில்லை. அடுத்த கட்டத்தில் உலோகம் மீள்திரிபு எல்லைக்குள்ளேயே நிற்கும் என்றால், அதாவது களைப்பு, விரிசல், கடைசல் ஆகியவற்றுக்கு, எடுத்துச் செல்ல வேண்டும். அதையும் மீளாத் திரிபாகவே எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே மென்பொருளும் ஒரே மெஷ்ஷும் வாய்த்தால் முழு நிலையையும் கொண்டுபோவது இன்னும் மேல். அடுத்த கட்டம் பெரும் நெளிவோ உயர் வெப்பமோ என்றால், தகைவை விட்டுவிட்டு வலிமைப் பரவலை மட்டும் கொண்டுபோனால் போதும்.

இத்தகைய கணக்கின் அறிக்கையை விலைகொடுத்து வாங்கும் எந்த ஆலையும் இரண்டு எண்களைக் கேட்டுப் பெற வேண்டும். ஏற்றிய தகைவுக்கும், முதல் சமநிலை அடிக்குப் பிறகு மிஞ்சிய தகைவுக்கும் இடையே எத்தனை சதவீதம் வித்தியாசம் என்பது ஒன்று. வெட்டிப் பார்த்த நிஜத் துண்டின் வளைவுக்கும் கணக்கின் வளைவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது மற்றொன்று. இவை இரண்டும் இல்லாத அறிக்கை எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் அதை வைத்து வாட்டர் பாக்ஸின் வால்வைத் திருப்பக் கூடாது.